பேட்டரிக்கான கனிமங்கள்: சுரங்கம் தோண்டும் முன் யாரைக் கேட்பது?

புது தில்லி: 2025-ஆம் ஆண்டு முடியும் வரை இந்தியாவில் ஒரு லித்தியம் சுரங்கம்கூட உற்பத்தியைத் தொடங்கவில்லை. ஆனால், அத்தகைய சுரங்கம் அமையும்போது சுற்றுவட்டார மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு முன்பே நீக்கப்பட்டுவிட்டது. மின்சார வாகனங்களால் காற்று தூய்மை பெறும் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அந்தத் தூய்மைக்கான விலையை எந்த மலையும், எந்த ஆறும், எந்தக் கிராமமும் கொடுக்கப்போகின்றன என்பதும், அவற்றின் குரல் எங்கே கேட்கப்படும் என்பதுமே இப்போது எழுந்துள்ள கேள்விகள்.

பேட்டரிகளுக்குத் தேவையான லித்தியம், கோபால்ட், நிக்கல் ஆகியவற்றுக்கு இந்தியா ஏறத்தாழ முழுமையாக இறக்குமதியையே நம்பியுள்ளது. 2030-ஆம் ஆண்டுக்குள் விற்பனையாகும் வாகனங்களில் 30 சதவீதம் மின்சார வாகனங்களாக இருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் இலக்கு. அதே ஆண்டுக்குள் புதைபடிவ எரிபொருள் சாராத 500 ஜிகாவாட் மின் உற்பத்தித் திறனை எட்டவும் இலக்கு நிர்ணயிக்கப்பட்டுள்ளது. சூரிய ஒளியும் காற்றும் தரும் மின்சாரத்தைச் சேமித்து வைக்கவும் பேட்டரிகள் தேவை. கனிமங்களைச் சுத்திகரிக்கும் தொழிலில் சீனா ஆதிக்கம் செலுத்துவதும், 2023 டிசம்பர் முதல் கிராஃபைட் ஏற்றுமதிக்கு அந்நாடு கட்டுப்பாடு விதித்ததும், உள்நாட்டிலேயே கனிமங்களைத் தேட வேண்டும் என்ற அவசரத்தை தில்லியில் அதிகப்படுத்தின.

சட்டம் திறந்த வழி

2023 ஜூனில் மத்திய சுரங்க அமைச்சகம் 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலை வெளியிட்டது. சில வாரங்களில், சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் (மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறை) சட்டத்தில் திருத்தம் கொண்டுவரப்பட்டது. அதுவரை அணுசக்திக் கனிமங்களின் பட்டியலில் இருந்த லித்தியம் உள்ளிட்ட 6 கனிமங்கள் அதிலிருந்து நீக்கப்பட்டு, தனியார் நிறுவனங்களுக்கும் வழி திறக்கப்பட்டது. 24 முக்கியக் கனிமங்களுக்கான சுரங்கத் தொகுதிகளை ஏலம் விடும் அதிகாரம் மாநிலங்களிடமிருந்து மத்திய அரசுக்கு மாறியது. ஏலத் தொகை மாநிலத்துக்குச் செல்லும். ஆனால் எந்த இடத்தை, எப்போது ஏலம் விடுவது என்பதை தில்லி முடிவு செய்யும்.

2023 நவம்பரில் முதல் கட்டமாக 20 தொகுதிகளுக்கு ஏலம் அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் தேசிய முக்கியக் கனிமங்கள் இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இதற்கு ரூ. 16,300 கோடி ஒதுக்கீடு. பொதுத்துறை நிறுவனங்கள் மேலும் ரூ. 18,000 கோடியை முதலீடு செய்யும் என எதிர்பார்க்கப்பட்டது. 2030-31 வரையிலான காலத்தில் 1,200 ஆய்வுத் திட்டங்களை மேற்கொள்ளும் பொறுப்பு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது.

ரியாசி: அறிவிப்பும் உண்மையும்

இந்த அவசரத்தின் முதல் பாடம் ஜம்மு-காஷ்மீரின் ரியாசி மாவட்டத்தில் கிடைத்தது. அங்குள்ள சலால்-ஹைமானா பகுதியில் 59 லட்சம் டன் லித்தியம் வளம் கண்டறியப்பட்டுள்ளதாக 2023 பிப்ரவரியில் சுரங்க அமைச்சகம் அறிவித்தது. இந்தியா லித்தியத்தில் தன்னிறைவு பெற்றுவிட்டதைப் போன்ற செய்திகள் நாடெங்கும் பரவின.

அறிவிப்பில் இருந்த 'ஜி-3' என்ற குறியீடு அதிகக் கவனம் பெறவில்லை. கனிம ஆய்வில் ஜி-4 என்பது தொடக்கநிலைத் தேடல். ஜி-1 என்பது விரிவான, உறுதியான ஆய்வு. இடையில் உள்ள ஜி-3 நிலையில் கூறப்படும் அளவு ஓர் அனுமானம் மட்டுமே. 59 லட்சம் டன் என்பது தாதுவின் எடையா, அதில் அடங்கிய லித்தியத்தின் எடையா என்ற கேள்வியும் பின்னர் எழுந்தது. ஒரு டன் தாதுவில் லித்தியத்தின் பங்கு மிகச் சிறிது என்பதால், இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு மிகப் பெரிது.

2024 மார்ச்சில், தகுதியுள்ள ஏலதாரர்கள் குறைந்தபட்சம் மூவர்கூட முன்வராததால் ரியாசி தொகுதிக்கான ஏலம் ரத்தானது. மீண்டும் பட்டியலில் சேர்க்கப்பட்ட போதும் ஏலம் கைகூடவில்லை. கூடுதல் ஆய்வு தேவை என்ற இடத்துக்கே விவகாரம் திரும்பியது.

நிறுவனங்களின் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. ரியாசியில் லித்தியம், களிமண் தன்மை கொண்ட பாக்சைட் படிவங்களில் கலந்துள்ளது. உலகில் லித்தியம் பெருமளவில் கிடைப்பது ஆஸ்திரேலியாவின் கடினப் பாறைகளிலிருந்தும், தென் அமெரிக்காவின் உப்பு நீர்ப் படுகைகளிலிருந்தும்தான். களிமண்ணிலிருந்து அதைப் பிரித்தெடுக்கும் முறை இன்னும் முதிர்ச்சி பெறவில்லை. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் தாக்கர் பாஸ் என்ற இடத்தில் 2023-இல் கட்டுமானம் தொடங்கிய களிமண் லித்தியத் திட்டம், கந்தக அமிலத்தைக் கொண்டு லித்தியத்தைப் பிரிக்கும் வகையில் வடிவமைக்கப்பட்டது. அங்கும் பழங்குடியினரின் எதிர்ப்பும் வழக்குகளும் தொடர்ந்தன.

செனாப் கரையில் இதைச் செய்ய முற்பட்டால் என்ன ஆகும்? ரியாசி, இமயத்தின் அடிவாரத்தில் நிலநடுக்க அபாயம் மிகுந்த மண்டலத்தில் உள்ள மாவட்டம். லித்தியம் அறிவிப்புக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் உத்தரகண்டின் ஜோஷிமடத்தில் வீடுகள் விரிசல் கண்டு, நிலம் புதைந்து, மக்கள் வெளியேற்றப்பட்டனர். ரியாசியில் உள்ள வைஷ்ணவ தேவி கோயிலுக்குச் செல்லும் பாதையில் 2025 ஆகஸ்டில் ஏற்பட்ட நிலச்சரிவில் 30-க்கும் மேற்பட்ட பக்தர்கள் உயிரிழந்தனர். மலைச்சரிவைத் தோண்டும் எந்தத் திட்டமும் இந்த மண்ணின் இயல்பைக் கணக்கில் கொள்ளாமல் இருக்க முடியாது.

லித்தியம் இருப்பதாகக் கூறப்படும் பகுதிக்கு அருகிலேயே செனாப் ஆற்றில் 690 மெகாவாட் திறன் கொண்ட சலால் நீர்மின் நிலையம் உள்ளது. அதன் நீர்த்தேக்கத்தில் வண்டல் நிறைந்து கொள்ளளவு வெகுவாகக் குறைந்திருப்பது பல ஆண்டுகளாக அறியப்பட்ட சிக்கல். சிந்து நதி நீர் ஒப்பந்தத்தின் கீழ் 1978-இல் பாகிஸ்தானுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, வண்டலை வெளியேற்றும் அடிமட்ட மதகுகள் மூடப்பட்டதே அதற்கு முக்கியக் காரணம். சிந்து ஒப்பந்தத்தை நிறுத்திவைப்பதாக 2025 ஏப்ரலில் இந்தியா அறிவித்ததை அடுத்து, மே மாதம் அங்கு வண்டல் அகற்றும் பணி நடைபெற்றது. சரிவுகளில் சுரங்கம் தோண்டப்பட்டால், மழைக்காலத்தில் அடித்து வரப்படும் மண்ணும் கழிவும் சேருமிடம் இதே ஆறுதான்.

கோர்பா: சுமை மேல் சுமை

ரியாசியில் நடக்காதது சத்தீஸ்கரில் நடந்தது. கோர்பா மாவட்டத்தின் கட்கோராவில், சுமார் 250 ஹெக்டேர் பரப்புள்ள லித்தியம் மற்றும் அருமண் தனிமங்கள் தொகுதியை 2024 ஜூனில் மைக்கி சவுத் மைனிங் என்ற தனியார் நிறுவனம் ஏலத்தில் பெற்றது. ஏல விகிதம் 76.05 சதவீதம். நாட்டில் வெற்றிகரமாக ஏலம் போன முதல் லித்தியம் தொகுதி இது. மேலும் ஆய்வு செய்து, வளம் உறுதியானால் சுரங்கம் தோண்ட வகை செய்யும் கூட்டு உரிமமே இங்கு வழங்கப்படுவது.

கோர்பாவுக்கு சுரங்கம் புதிதல்ல. நாட்டின் மிகப் பெரிய நிலக்கரிச் சுரங்கமான கெவ்ரா அங்குதான் உள்ளது. அனல் மின் நிலையங்களின் சாம்பலும் நிலக்கரித் தூசியும் அம்மக்களின் அன்றாட வாழ்வில் கலந்தவை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இல் மதிப்பிட்ட கடுமையாக மாசடைந்த தொழில் பகுதிகளுள் கோர்பாவும் ஒன்று. நிலக்கரிக்கு மாற்றாகக் கூறப்படும் தொழில்நுட்பத்துக்கான மூலப்பொருளும், நிலக்கரியால் நலிந்த அதே மாவட்டத்திலிருந்து எடுக்கப்படவிருப்பது கவனிக்கத்தக்கது.

சுரங்கத்தால் உள்ளூருக்கு என்ன கிடைக்கும் என்பதற்கும் கணக்கு உண்டு. லித்தியத்துக்கான உரிமைத் தொகையை நிர்ணயிக்கப்பட்ட விலையில் 3 சதவீதம் என 2023 அக்டோபரில் மத்திய அரசு முடிவு செய்தது. ஏலம் மூலம் வழங்கப்படும் குத்தகைகளில், அந்த உரிமைத் தொகையில் 10 சதவீதத்துக்கு இணையான தொகை மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குச் சேர வேண்டும். அதாவது, நூறு ரூபாய் மதிப்புள்ள லித்தியத்துக்கு, பாதிக்கப்பட்ட பகுதியின் மேம்பாட்டுக்கென ஒதுங்குவது 30 காசு.

கர்நாடகத்தில், காவிரிப் படுகையைச் சேர்ந்த மண்டியா மாவட்டத்தின் மார்லகல்லா பகுதியில் 1,600 டன் லித்தியம் இருப்பதாக அணுசக்திக் கனிமங்கள் இயக்குநரகம் மதிப்பிட்டது. இங்கு இருப்பது கடினப் பாறை. இவ்வகைப் பாறையை உடைத்து, பொடியாக்கி, ஏறத்தாழ 1,000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வறுத்து, பின்னர் கந்தக அமிலத்துடன் சூடேற்றி லித்தியத்தைப் பிரிப்பதே வழக்கமான முறை. எரிபொருளும் நீரும் மிகுதியாகத் தேவைப்படும். எடுக்கப்படும் லித்தியத்தைப் போலப் பல மடங்கு கழிவு எஞ்சும். அந்தக் கழிவை எங்கே, எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்பாகத் தேக்கி வைப்பது என்பதே பெரும் சவால். பேட்டரியின் மற்றொரு பாகமான கிராஃபைட்டைத் தூய்மைப்படுத்துவதிலும் ஆபத்தான ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் பயன்படுத்தப்படுவதுண்டு.

அயல்நாட்டு நிலத்திலும் பொறுப்பு

உள்நாட்டில் தோண்டாமல் வெளிநாட்டிலிருந்து பெற்றால் சிக்கல் தீருமா? பாதிப்பு இடம் மாறும், அவ்வளவே. நேஷனல் அலுமினியம் உள்ளிட்ட மூன்று பொதுத்துறை நிறுவனங்கள் இணைந்து 2019-இல் தொடங்கிய 'காபில்' நிறுவனம், 2024 ஜனவரியில் அர்ஜென்டீனாவின் கட்டமார்கா மாகாணத்தில் 5 லித்தியம் தொகுதிகளை ஆய்வு செய்ய ஒப்பந்தம் செய்துகொண்டது. மொத்தப் பரப்பு 15,703 ஹெக்டேர். திட்ட மதிப்பு சுமார் ரூ. 200 கோடி.

அப்பகுதியில் லித்தியம் நிலத்தடி உப்பு நீரில் கரைந்துள்ளது. அந்நீரை மேலே இறைத்து, பரந்த பாத்திகளில் மாதக்கணக்கில் வெயிலில் காயவிட்டு லித்தியத்தைப் பிரிக்கின்றனர். ஒரு டன் லித்தியத்துக்குச் சுமார் 20 லட்சம் லிட்டர் நீர் ஆவியாகிறது என்பது பரவலாகக் குறிப்பிடப்படும் மதிப்பீடு. மழை அரிதான நிலத்தில் நடைபெறும் தொழில் இது. அண்டை நாடான சிலியின் அட்டகாமா உப்புப் படுகை, உப்பு நீர் இறைக்கப்படுவதால் ஆண்டுக்கு 1 முதல் 2 செ.மீ. வரை தாழ்ந்து வருவதாக சிலி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வு தெரிவித்தது.

இந்தியா ஒப்பந்தம் செய்த இரண்டே மாதங்களில், 2024 மார்ச்சில், கட்டமார்கா மாகாண உயர்நிலை நீதிமன்றம் ஒரு முக்கிய உத்தரவைப் பிறப்பித்தது. லோஸ் பாட்டோஸ் ஆறு - ஓம்ப்ரே முயெர்ட்டோ உப்புப் படுகைப் பகுதியில், அனைத்துத் திட்டங்களின் ஒட்டுமொத்தப் பாதிப்பும் மதிப்பிடப்படும் வரை புதிய சுரங்க அனுமதிகளை வழங்கக் கூடாது என்பதே அது. ஓர் ஆறு வறண்டதாக உள்ளூர்ப் பழங்குடித் தலைவர் தொடுத்த வழக்கில் இந்த உத்தரவு வந்தது. ஒவ்வொரு சுரங்கத்தையும் தனித்தனியே பார்த்து அனுமதி வழங்காமல், ஆற்றுப் படுகை முழுவதையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்ற இந்த அணுகுமுறை இந்தியாவுக்கும் பொருந்தக்கூடியது.

குறிப்பாணையும் கேள்விகளும்

இத்தகைய பாதிப்புகளை முன்கூட்டியே அறிந்து விவாதிப்பதற்காகவே பொதுமக்கள் கருத்துக் கேட்பு என்ற ஏற்பாடு 1997-இல் நடைமுறைக்கு வந்தது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை அதை விரிவுபடுத்தியது. 30 நாள் முன்னறிவிப்பு, மாவட்ட ஆட்சியர் அல்லது அவரது பிரதிநிதி தலைமையில் கூட்டம், உள்ளூர் மொழியில் திட்டச் சுருக்கம், மக்கள் கூறியவற்றின் பதிவு ஆகியன அதன் அம்சங்கள். மக்கள் எதிர்த்தாலே திட்டம் கைவிடப்படும் என்பதில்லை. ஆயினும், மக்களின் கேள்விகளுக்கு நிறுவனம் எழுத்துபூர்வமாகப் பதில் கூற வேண்டியிருந்தது. நீதிமன்றத்துக்குச் செல்வோருக்கு அந்தப் பதிவே ஆதாரமாகவும் அமைந்தது.

2025 செப்டம்பர் 8-ஆம் தேதி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட அலுவலகக் குறிப்பாணை, அணுசக்திக் கனிமங்களுக்கும் முக்கியக் கனிமங்களுக்குமான சுரங்கத் திட்டங்களுக்கு இந்தக் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு அளித்தது. பரப்பளவு எதுவாயினும் அவற்றை மத்திய அரசே பரிசீலிக்கும் என்றும் அறிவித்தது. தேசப் பாதுகாப்பு மற்றும் பிற கேந்திர முக்கியத்துவம் வாய்ந்த திட்டங்களுக்கு விலக்கு அளிக்கும் பிரிவு 2006 அறிவிக்கையிலேயே உள்ளது. பாதுகாப்பு அமைச்சகமும் அணுசக்தித் துறையும் விடுத்த கோரிக்கைகளின் பேரில் அப்பிரிவு இப்போது பயன்படுத்தப்பட்டது.

அரசின் வாதத்தை முற்றிலும் புறந்தள்ள இயலாது. கனிமங்களுக்குப் பிற நாடுகளைச் சார்ந்திருப்பது பாதுகாப்புக்கு உகந்ததல்ல. கண்டறிதலுக்கும் உற்பத்திக்கும் இடையே பல ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன என்பதும் உண்மை. ஆனால், விலக்கின் வீச்சு அந்த வாதத்தைத் தாண்டிச் செல்கிறது. சட்டத்தின் முக்கியக் கனிமங்கள் பட்டியலில் லித்தியம், கோபால்ட், நிக்கல், கிராஃபைட் ஆகியவற்றுடன், பெரும்பாலும் உரத்துக்குப் பயன்படும் பொட்டாஷும் பாஸ்பேட்டும்கூட இடம்பெற்றுள்ளன. வாகன பேட்டரிக்கும் உர மூட்டைக்கும் போகும் கனிமத்தை ஏவுகணைக்கான கனிமத்துக்கு நிகராக வைத்து, மக்களின் வாயை அடைப்பது முறையா என்பதே எதிர்ப்பாளர்களின் கேள்வி. தாமதத்துக்குக் காரணம் கருத்துக் கேட்புதானா என்ற ஐயத்தையும் ரியாசி எழுப்புகிறது. அங்கு ஏலம் முடங்கியது மக்கள் எதிர்ப்பால் அல்ல. ஆய்வு போதாமையும், தொழில்நுட்பம் உறுதிப்படாமையும் நிறுவனங்களைத் தயங்க வைத்தன.

தமிழகத்துக்கு இந்த விவகாரம் அந்நியமானதல்ல. இதே 2023 சட்டத் திருத்தத்தின் கீழ்தான் மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி 2024 நவம்பரில் ஏலம் போனது. பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமான அரிட்டாபட்டியும் அதில் அடங்கியிருப்பது தெரியவந்ததும் கிராமங்கள் திரண்டன. டிசம்பர் 9-ஆம் தேதி சட்டப்பேரவை எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 23-ஆம் தேதி ஏலத்தை மத்திய அரசு ரத்து செய்தது. ஏல முடிவு வெளியான பிறகே தங்கள் நிலம் பட்டியலில் இருப்பதை மக்கள் அறிந்தனர் என்பது அப்போதைய முக்கியப் புகார். எட்டு மாதங்களுக்குள் வந்த குறிப்பாணை, மக்களுக்கு முறைப்படித் தகவல் கிடைக்கும் மற்றொரு வாயிலையும் அடைத்தது. அதைத் திரும்பப் பெறக் கோரி 2025 செப்டம்பரில் முதல்வர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

எஞ்சியிருக்கும் அரண்கள்

கருத்துக் கேட்பு விலக்கப்பட்டாலும் வேறு சட்டங்கள் உள்ளன. கோர்பா, அரசமைப்புச் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையின் கீழ் வரும் மாவட்டம். அங்கு 1996-ஆம் ஆண்டின் பஞ்சாயத்து விரிவாக்கச் சட்டமும், 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் கிராம சபைக்கு அதிகாரம் வழங்குகின்றன. ஒடிஸாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் அமைப்பது பற்றி கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என 2013 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூட்டப்பட்ட 12 கிராம சபைகளும் சுரங்கத்தை நிராகரித்தன. ஆனால், பழங்குடிப் பகுதியாகவோ வன நிலமாகவோ இல்லாத இடங்களில் வாழும் சாதாரண விவசாயிக்கு இந்த அரண்கள் பெரும்பாலும் கிடையாது. அவருக்கு இருந்த வாய்ப்பு கருத்துக் கேட்புக் கூட்டம்தான்.

புதிதாகத் தோண்டும் தேவையையே குறைக்கும் வழிகளும் உள்ளன. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர் மீது சுமத்தின. அவற்றிலிருந்து மீட்க வேண்டிய உலோகங்களின் அளவு 2026-27 முதல் 90 சதவீதம் என நிர்ணயிக்கப்பட்டது. மின்சார வாகன பேட்டரிகளில் மறுசுழற்சிப் பொருளின் பங்கு 2027-28-இல் 5 சதவீதமாகத் தொடங்கி, 2030-31-இல் 20 சதவீதத்தை எட்ட வேண்டும். மறுசுழற்சி ஆலைகளுக்கு ரூ. 1,500 கோடி ஊக்கத்தொகை வழங்க 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. சுரங்கத்துக்கான கருத்துக் கேட்பு நீக்கப்பட்டதும் அதே மாதத்தில்தான்.

மறுசுழற்சியும் முறையாக நடந்தால்தான் பயன் தரும். பழைய ஈய பேட்டரிகள் அங்கீகாரமற்ற உலைகளில் உருக்கப்படுவது நாட்டின் பல பகுதிகளில் இன்னும் கட்டுக்குள் வரவில்லை. இந்தியாவில் சுமார் 27.5 கோடி குழந்தைகளின் ரத்தத்தில் ஈயத்தின் அளவு கவலைக்குரிய வரம்பைத் தாண்டியிருப்பதாக, யுனிசெஃப் மற்றும் ப்யூர் எர்த் அமைப்புகள் 2020-இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. ஈய பேட்டரிகளின் முறையற்ற மறுசுழற்சியை அதற்கான முக்கியக் காரணங்களுள் ஒன்றாக அந்த அறிக்கை குறிப்பிட்டது. ஈய பேட்டரிகளுக்கான விதிகள் 2001 முதலே நடைமுறையில் இருந்தும் நிலைமை இதுவென்றால், லித்தியம் பேட்டரிகளுக்கு ஏட்டளவிலான விதிகள் மட்டும் போதுமா என்ற கேள்வி எழுவது இயல்பு.

கோபால்ட்டும் நிக்கலும் தேவைப்படாத இரும்பு-பாஸ்பேட் வகை பேட்டரிகளின் பரவலும், லித்தியத்துக்குப் பதில் சோடியத்தைப் பயன்படுத்தும் முயற்சிகளும் நம்பிக்கை தருகின்றன. ஆளுக்கொரு கார் என்ற போக்கை விடுத்துப் பேருந்துகளையும் ரயில்களையும் பெருக்குவது, ஒவ்வொரு பயணிக்கும் தேவைப்படும் கனிமத்தின் அளவை வெகுவாகக் குறைக்கும்.

கருத்துக் கேட்பை நீக்கிய குறிப்பாணை, நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டு நிறைவேறிய சட்டமன்று. ஓர் அமைச்சகத்தின் ஆணையால் வந்ததை மற்றோர் ஆணையால் நீக்கவும் முடியும். குறைந்தபட்சம், படைத் தளவாடங்களுக்கு இன்றியமையாத கனிமங்களோடு அதை நிறுத்திக்கொள்ளவும் முடியும். ஆய்வு நிலையில் உள்ள தொகுதிகள் சுரங்கங்களாக மாற இன்னும் சில ஆண்டுகள் ஆகும். கோர்பாவிலோ ரியாசியிலோ முதல் பொக்லைன் இறங்கும் முன், அங்குள்ள குடிநீருக்கும் விளைநிலத்துக்கும் யார் பொறுப்பு என்று அம்மக்கள் கேட்பதற்கு ஓர் இடம் வேண்டும். அந்தக் கால அவகாசம் மத்திய அரசின் கையில் உள்ளது.